கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் 152: கர்ப்பகாலச் சர்க்கரையும் காலைச் சாப்பாடும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே ஒரு தாயின் மருத்துவக் கோப்பு அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படும் நிலைமைகளை ஒருவர் மேல் ஏற்றி எழுதிய மாதிரி நிகழ்வு. அவருடைய எடையும் சோதனை எண்களும் அதற்காக அமைத்தவை. பரிசோதனை முறை, வரம்புகள், உணவின் அளவுகள் எல்லாம் நடைமுறையில் உள்ளவை. சர்க்கரை அளவுகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தரப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 27, இரண்டாவது கர்ப்பம். உயரம் 154 செ.மீ., கர்ப்பத்துக்கு முந்தைய எடை 61 கிலோ. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. முதல் குழந்தை பிறந்தபோது எடை 3.9 கிலோ. "நல்ல கொழுகொழு குழந்தை" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். கோப்பைப் பார்க்கும் செவிலியருக்கு அந்த 3.9 ஓர் எச்சரிக்கை மணி. சென்ற முறையே சர்க்கரை ஏறியிருந்து, யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

முதல் பரிசோதனை 11-ஆம் வாரத்தில் நடந்தது, 118 வந்தது. இரண்டாவது 25-ஆம் வாரத்தில், 166. முறை எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு எடுத்தால் தொடரலாம். பேருந்து ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியோடு காக்க வைக்காத இந்த முறை வேரூன்ற முக்கியக் காரணம் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடு முழுவதும் அனுசரிக்கப்படுகிறது.

11-ஆம் வாரத்தில் இல்லாதது 25-இல் எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். நஞ்சுக்கொடி வளர வளர, அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்துகின்றன. தாயின் ரத்தத்தில் சத்து சற்று நேரம் தங்கினால்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும், அதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால், எடை கூடுதலாக இருந்தால் சில கணையங்களால் முடிவதில்லை. இந்த மந்தம் 24 முதல் 28 வாரத்தில் நன்றாகத் தெரியத் தொடங்கும், அதனால்தான் இரண்டாவது சோதனை அப்போது.

இரண்டு வாரத்தில் நடந்தது

நெறிமுறைப்படி முதல் மருந்து உணவுதான். இரண்டு வாரம் உணவுச் சிகிச்சை, பிறகு சாப்பிட்டு 2 மணி நேரத்தில் ஒரு சோதனை. 120-க்குக் கீழே இருந்தால் அதே உணவைத் தொடரலாம். 120 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து.

27-ஆம் வாரத்தில் வந்தார். காலை உணவுக்குப் பின் 152. எடை 1.2 கிலோ குறைந்திருந்தது. சிறுநீரில் கீட்டோன், அதாவது உடல் கொழுப்பைக் கரைக்கும்போது வரும் பொருள், இரண்டு பிளஸ். சர்க்கரையும் இறங்கவில்லை, தாயும் மெலிந்துவிட்டார்.

"சுகர்னு சொன்னதுலேர்ந்து இட்லியையே தொடல சிஸ்டர். காலைல கேவுரு கஞ்சிதான் குடிக்கிறேன். ராத்திரிக்கு ரெண்டே இட்லி, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"கஞ்சிக்கு மாவு எவ்வளவும்மா போடுவே?"

"ஒரு டம்ளருக்கு ஆவுற அளவு."

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஆலோசனைகள் முடிந்துபோகின்றன. "இனிப்பைத் தவிருங்கள், கீரை சேருங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இந்த முறை செவிலியர் அப்படி விடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து கஞ்சி குடிக்கும் டம்ளர், சோற்றுக் கரண்டி, மாவு அள்ளும் ஸ்பூன் மூன்றையும் கொண்டுவரச் சொன்னார். சமையல் தராசில் மாவை நிறுத்துப் பார்த்தார்கள். குவித்து அள்ளிய நான்கு ஸ்பூனில் 50 கிராம் இருந்தது. அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 35 கிராம். கருப்பட்டி ஒரு துண்டு, 20 கிராம். "வெள்ளைச் சர்க்கரை இல்லையே, கருப்பட்டிதானே" என்பது அவர் நம்பிக்கை. ரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது, 20 கிராம் கருப்பட்டி 18 கிராம் சர்க்கரைக்குச் சமம். கூட ஒரு வாழைப்பழம், அதில் இன்னொரு 20 கிராம் மாவுச்சத்து. கொஞ்சம் பால். எல்லாம் சேர்த்து 75 கிராமைத் தாண்டியது. முட்டை, பருப்பு, காய் எதுவும் இல்லை.

அவர் விட்டுவிட்ட பழைய காலை உணவு, நான்கு இட்லியும் சாம்பாரும், மாவுச்சத்தில் இதைவிடக் குறைவு. அதில் பருப்பாவது இருந்தது.

கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் நம்மிடம் வேறு இல்லை. கெடுதல் அதைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. நைஸாக அரைத்த மாவு, நீர்விட்டு நெடுநேரம் காய்ச்சிக் குழைந்த மாவுச்சத்து, மென்று தின்ன வேண்டியதே இல்லாத திரவம். இது குடலில் தங்காது, சட்டென ரத்தத்தில் ஏறும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டி, ஒரு முட்டையோடு சாப்பிட்டால் ஏற்றம் மெதுவாக இருக்கும். சாமை, தினை, கம்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். சிறுதானியம் என்ற பெயரே சர்க்கரையை இறக்கிவிடாது.

காலை நேரமும் சேர்ந்துகொண்டது. விடியற்காலையில் கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும். கர்ப்பத்தில் இன்சுலின் மிக மந்தமாக வேலை செய்யும் வேளை அது. மதியம் 60 கிராம் மாவுச்சத்தைத் தாங்குகிற உடல், காலையில் 60-ஐத் தாங்காது. அன்றைய பெரிய மாவுச்சத்துச் சுமையை அவர் வைத்திருந்தது அந்த வேளையில்தான்.

மற்ற வேளைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 11 மணிக்கு மூன்று சாத்துக்குடி பிழிந்த சாறு, சர்க்கரை போடாமல். ஆனாலும் பழத்தின் சர்க்கரையே 25 கிராம், சக்கையோடு நார்ச்சத்து குப்பைக்குப் போனது. மதியம் சோற்றைப் பாதியாக்கி ரசம் ஊற்றிச் சாப்பாடு. பசி பொறுக்காமல் 4 மணிக்கு ரஸ்க் ஐந்து, டீ. அந்த டீயோடுதான் இரும்புச் சத்து மாத்திரையும். இரவு 7.30-க்கு இரண்டு இட்லி, பிறகு காலை 8 வரை பன்னிரண்டரை மணி நேரம் வயிறு காலி. கர்ப்பிணியின் உடல் நீண்ட பட்டினியைத் தாங்காது, விரைவிலேயே கொழுப்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். சிறுநீரில் தெரிந்த கீட்டோன் அதன் அடையாளம். நாளொன்றுக்கு மாவுச்சத்து 175 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது கர்ப்பிணிகளுக்கான குறைந்தபட்ச அளவு. சர்க்கரை வந்துவிட்டது என்பதற்காக அதற்குக் கீழே போகக் கூடாது.

152 என்ற எண் நெறிமுறைப்படி மருந்து தொடங்கும் எண். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நடந்ததை உணவுச் சிகிச்சை என்றே சொல்ல முடியாது என்பதால், வீட்டுக் குளுக்கோமீட்டரோடு ஒரு வாரம் நெருக்கமாகக் கண்காணித்துப் பிறகு முடிவெடுக்கலாம் என்றார் மகப்பேறு மருத்துவர். இதுபோன்ற விலக்கை மருத்துவர்தான் தர வேண்டும், வீட்டில் முடிவு செய்துகொள்ளக் கூடாது.

புதிய தட்டு

காலை 6.30: சர்க்கரை இல்லாத பால் அரை டம்ளர்.

காலை 8: இட்லி, காய் போட்ட கெட்டி சாம்பார் ஒரு கிண்ணம், வேகவைத்த முட்டை ஒன்று, புதினா அல்லது வேர்க்கடலைச் சட்னி. முட்டையும் சாம்பாரிலுள்ள காயும் முதலில், இட்லி பிறகு. எத்தனை இட்லி என்பதில்தான் முதல் மூன்று நாளும் போயிற்று. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் மாவுச்சத்து. முட்டையோடு மூன்று இட்லி சாப்பிட்ட நாளில் 131. இரண்டாகக் குறைத்த நாளில் 116. பக்கத்துத் தட்டில் மிஞ்சிய அந்த ஓர் இட்லியை அவர் 11 மணிக்குச் சாப்பிட்டார், அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் 113-தான். நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்த அளவு மாறவே இல்லை. ஒரே ஓர் இட்லி மூன்று மணி நேரம் தள்ளிப் போனது.

காலை 10.30: இரும்பு மாத்திரை, அரைக் கொய்யாப்பழத்தோடு. சற்று நேரம் கழித்து சுண்டல் ஒரு சிறு கிண்ணம். உலர்ந்த கடலை 25 கிராம் ஊறவைத்து வேகவைத்தால் அந்த அளவு வரும்.

மதியம் 1: சோறு 150 கிராம். தராசில் ஒரு முறை நிறுத்து, அவர் வீட்டுக் கரண்டியில் தட்டையாக இரண்டு என்று குறித்துக்கொண்டார்கள். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். கீரைக்கூட்டு ஒரு கிண்ணம், பொரியல் ஒரு கிண்ணம், மீன் இரண்டு துண்டு, தயிர் சிறிது. மீன் இல்லாத நாளில் பருப்பு இரட்டிப்பு. "கஞ்சி வடிச்ச சோத்துல சுகர் போயிடும்" என்ற நம்பிக்கை இங்கே குறுக்கிடும். வடிப்பதால் குறையும் மாவுச்சத்து கொஞ்சமே, கூடவே பி வைட்டமின்களும் வடிந்துபோகும். வடித்ததோ குக்கரில் வைத்ததோ, எடையைத்தான் பார்க்க வேண்டும்.

மாலை 4: வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மோர். டீ வேண்டுமென்றால் இப்போது, சர்க்கரை இல்லாமல்.

இரவு 7.30: சப்பாத்தி இரண்டு, கொண்டைக்கடலை அல்லது முட்டைக் குருமா. சப்பாத்திக்கு மாறினால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். 30 கிராம் மாவில் தட்டிய ஒரு சப்பாத்தி 20 கிராம் மாவுச்சத்து. மூன்று சாப்பிட்டால் 200 கிராம் சோற்றைத் தாண்டிவிடும்.

இரவு 9.45: பால் ஒரு டம்ளர், பொட்டுக்கடலை ஒரு சிறு கைப்பிடி. பத்தியம் இருக்கும் மனசு இதைத்தான் முதலில் வெட்டும். இரவுப் பட்டினியைச் சுருக்குவதும் கீட்டோனைத் தடுப்பதும் இந்த டம்ளர்தான்.

கூட்டிப் பார்த்தால் மாவுச்சத்து 200 கிராம் அளவில் நிற்கிறது, முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார். புரதம் 70 கிராமைத் தாண்டுகிறது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம், கடைசி மூன்று மாதத்தில் அதற்கு மேல் 22 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. மூன்று வேளைக்குப் பிறகும் 15 நிமிடம் வாசலிலோ மொட்டைமாடியிலோ நடை.

மாத்திரைகளுக்கும் நேரம் மாற்றினார்கள். இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியமும் அதன் வழியை மறிக்கும். கால்சியம் மாத்திரை காலை, இரவு உணவோடு. இரும்பு அதிலிருந்து குறைந்தது 2 மணி நேரம் தள்ளி. கொய்யாவின் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும்.

மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருந்தது. ரத்தசோகை உள்ள தாய்மாருக்கு அது நல்லதே, எல்லாருக்கும் பொதுவாகத் தரும் பெட்டகம் அது. இவருக்கு நாளைக்கு ஒரு பழம், 4 மணி வேர்க்கடலையோடு மட்டும் என்று முடிவாயிற்று. மீதி மூத்த பிள்ளைக்கு. அங்கன்வாடிச் சத்துமாவு வெல்லம் சேர்ந்தே வருவதால் அதைக் கஞ்சியாகக் காய்ச்ச வேண்டாம் என்றார் செவிலியர்.

203 என்று காட்டிய விரல்

ஐந்தாம் நாள் மதியம் குளுக்கோமீட்டர் 203 காட்டியது. வீட்டில் கலவரம், மாமியார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். செவிலியர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "கையைக் கழுவிட்டா பார்த்தே?" மூத்த பிள்ளைக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, விரலைப் புடவையில் துடைத்துக் குத்தியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் உலர்த்தி, வேறு விரலில் பார்த்தபோது 112. விரலில் ஒட்டிய துளிப் பழச்சாறே அந்த ரத்தத் துளியின் கணக்கை மாற்றிவிடும். ஈர விரலில் குத்தினால் ரத்தம் நீர்த்துக் குறைவாகக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைப்பதும், 2 மணி நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணுவதும் அடிக்கடி நேரும் பிழைகள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

28-ஆம் வாரத்தில் சராசரி: வெறும் வயிற்றில் 90, காலைக்குப் பின் 117, மதியத்துக்குப் பின் 113, இரவுக்குப் பின் 108. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ் என்பது இலக்கு. கீட்டோன் இல்லை. அடுத்த ஐந்து வாரத்தில் எடை 1.6 கிலோ கூடியது.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. சர்க்கரை ஏறும் அதே மாதங்களில்தான் நம் வீடுகளில் கலவைச் சாதமும் வருகிறது. போகாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. புளியோதரையும் தயிர்ச் சாதமும் ஒவ்வொரு சிறு கரண்டி, முன்னதாகச் சுண்டலும் ஒரு வடையும், சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன் என்று திட்டம். வந்த உறவுகள் ஆளுக்கொரு வாய் பொங்கல் ஊட்டிவிட்டார்கள். 171. அதைவிடக் கவலை தந்தது, ஈடுகட்டுவதற்காக அன்றிரவு சாப்பிடாமல் படுக்கப் போனதுதான். ஒரு வேளை 171 குழந்தையைப் பாதித்துவிடாது, வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் குழந்தையின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து கொழுப்பைச் சேர்க்கும். இரவு உணவையும் 9.45 பாலையும் வழக்கம்போல எடுக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை 91.

33-ஆம் வாரம்

உணவில் ஒரு மாற்றமும் இல்லாமலே வெறும் வயிற்றுச் சர்க்கரை 99, 101, 103 என்று மூன்று நாள் வந்தது. அவர் அழுதுவிட்டார். ஏதோ தப்பாகச் சாப்பிட்டிருப்போம் என்று நாலு நாள் உணவைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. இரவு முழுக்க எதுவும் சாப்பிடாத நேரத்தில் ஏறும் சர்க்கரை கல்லீரல் தயாரிப்பது. நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் உச்சத்தை நெருங்கும் வாரங்களில் அதை அடக்க அவருடைய இன்சுலின் போதவில்லை. அதைத் தட்டில் சரிசெய்ய முடியாது. இந்த நிலையில் இரவுச் சாப்பாட்டை வெட்டச் சொல்வதுதான் மிக மோசமான அறிவுரை, அக்கம்பக்கத்தில் அதைச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

மருத்துவர் இரவுக்கு ஓர் இன்சுலின் ஊசியைச் சிறு அளவில் தொடங்கினார். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. ஊசி போட ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விடமுடியாது என்ற பயமும் பொருந்தாது, பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும். ஊசி வந்த பிறகு 9.45 பால் முன்பைவிட முக்கியமானது. அதைத் தவறவிட்டால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். தலைமாட்டில் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் மடித்த பொட்டலம் ஒன்று வைத்துக்கொண்டார்.

39-ஆம் வாரத்தில் பிரசவம், குழந்தை 3.2 கிலோ. கர்ப்பப்பையில் கிடைத்த சர்க்கரை தொப்புள்கொடி வெட்டியதும் நின்றுபோக, குழந்தையின் இன்சுலின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் கொடுத்தார்கள், குழந்தையின் சர்க்கரையை முதல் நாள் முழுக்கக் குறித்த இடைவெளியில் பார்த்தார்கள். இறங்கவில்லை. தாயின் இன்சுலின் அன்றே நிறுத்தப்பட்டது.

பிரசவப் பத்தியம் தனிக் கதை. பூண்டுக் குழம்பு, கருவாடு எல்லாம் சரி. காய்கறியை வெட்டிச் சோற்றை மட்டும் கூட்டுவதும், கருப்பட்டியில் கிளறிய லேகியத்தை எலுமிச்சை அளவு உருட்டிக் கொடுப்பதும்தான் சிக்கல். லேகியம் சுண்டைக்காய் அளவானது, கீரையும் அவரைக்காயும் திரும்பத் தட்டுக்கு வந்தன. பால் கொடுப்பவர் என்பதால் மொத்த உணவைக் குறைக்கவில்லை.

ஆறாவது வாரம், குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த அன்றே தாய்க்கும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, இந்த முறை வெறும் வயிற்றில். 94, இரண்டு மணி நேரத்தில் 146. 200-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய். 140 முதல் 199 வரை அதற்கு முந்தைய படி. மருந்து எழுதவில்லை. காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் அப்படியே தொடரும், நடையும் தொடரும். அடுத்த கர்ப்பம் என்றால் தெரிந்த உடனே சோதனை, இல்லையென்றால் ஆண்டுக்கொரு முறை. குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் செவிலியர் அவருக்கான அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார், பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு அடுத்த வாரம்.